மில்லுக் கண்

அன்றைக்கு அன்னக்கிளி பதினோரு தலை சுட வேண்டியிருந்தது. ஆடி மூன்றாம் ஞாயிறு. ரெட்டியார்பாளையத்தில் பாதித் தெரு கூழ் ஊற்றுகிற நாள், மீதித் தெருவுக்குக் கறி இல்லாமல் சோறு இறங்காத நாள். கடைக்குப் பின்னால் தகரச் சரிவின் கீழே அடுப்பு மூட்டி, ஆட்டுத் தலையைக் கம்பியில் குத்தி நெருப்பில் புரட்டுவது, கால்களைச் சுட்டுச் சுரண்டுவது, குடலைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவுவது எல்லாம் அவள் வேலை. கல்யாணமாகி வந்த மறுவாரமே பழகிக்கொண்டது. முடி கருகுகிற நாற்றம் எத்தனை சோப்பு போட்டாலும் அவள் புடவையை விட்டுப் போகாது. அன்று காற்றும் இல்லை. ஏழு மணிக்கே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முன்னால் கடையில் அவள் புருஷன் புருஷோத்தமனும் அவன் தம்பி வெற்றிவேலும். அண்ணனுக்கு ஐம்பத்தொன்று, தம்பிக்கு நாற்பத்தைந்து. புளியமரக் கட்டைக்கு நேரே புருஷோத்தமன் நிற்பான். அவனுக்கு இடப்பக்கம் வெற்றிவேல். தம்பி தொடையையும் விலாவையும் வலது கையால் கட்டைமேல் தள்ளித் தள்ளிக் கொடுக்க வேண்டும், அண்ணன் வெட்டுக்கத்தியை இறக்க வேண்டும். தள்ளினால் ஒரு வெட்டு, தள்ளினால் ஒரு வெட்டு. புருஷோத்தமன் கட்டையைப் பார்க்கவே மாட்டான். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக் கதை பேசிக்கொண்டே வெட்டுவான். கட்டையைப் பார்த்து வெட்டுகிறவன் நேற்று தொழிலுக்கு வந்தவன் என்பது அவன் கட்சி. தம்பியின் கை வருவதும் விலகுவதும் ஓரக்கண்ணில் தெரிந்தால் அவனுக்குப் போதும். இருபது வருஷத்தில் வெற்றிவேலுக்கு ஒரு நகம் கூடப் போனதில்லை.

முந்தின நாள் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. அம்மன் கோயிலில் கூழுக்கு வரிசை நிற்கும்போது, நூறு பேர் பார்க்க நடந்தது. வெற்றிவேலின் பெண்டாட்டி சிவசங்கரிக்கு வினோத்குமார் என்று ஒரு தம்பி, சேதராப்பட்டில் கம்பெனி வேலை. அவனுக்குப் புருஷோத்தமன் மகள் அபியைக் கேட்டார்கள். அபி அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். கேட்டது தப்பில்லை. கேட்ட இடமும் கேட்ட வெற்றிவேலின் வாயில் வந்த சாராய வாசனையும்தான் தப்பு. புருஷோத்தமன் தூக்குவாளியைத் தம்பி மேலேயே வீசினான்.

"நட்டு முறுக்கறவனுக்கு எம் பொண்ண குடுக்கணுமா? இன்னொரு வாட்டி அவ பேச்ச எடுத்தீன்னா, கைய வெட்டிப்புடுவேன்."

கோபத்தில் எவன்தான் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் நூறு பேர் கேட்டார்கள். மறுநாள் காலை அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமலே கடையைத் திறந்தார்கள், பேசிக்கொள்ளாமலே ஆட்டை உரித்தார்கள். சண்டைக்காக ஆடி ஞாயிறை விட முடியுமா.

கத்தி கட்டையில் இறங்குகிற சத்தம் அன்னக்கிளிக்கு அத்துப்படி. எலும்புக்கு ஒரு சத்தம், சதைக்கு ஒரு சத்தம், நெஞ்செலும்புக்கு வேறு. எட்டரை மணிக்குக் கேட்டது இதில் எதுவும் இல்லை. கையிலிருந்த கம்பியை நெருப்பிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

விலா எலும்புகளுக்கு நடுவே இரண்டு விரல்கள் கிடந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். வெற்றிவேல் வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவற்றையே பார்த்தான். ரத்தம் ஆட்டு ரத்தத்தோடு சேர்ந்து கட்டையின் ஓரத்தில் வழிந்தது. பையை நீட்டியபடி நின்றிருந்த வசந்தா என்கிற அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். கூட்டத்தில் ஒருவன், "சொன்ன மாதிரியே வெட்டிட்டாண்டா," என்றான்.

புருஷோத்தமன் முகத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் இல்லை என்பதை அன்னக்கிளி பார்த்தாள். தெரியாமல் பள்ளத்தில் கால் வைத்தவன் முகம் அது. ஒரு கணம்தான்.

"ஏண்டா, கூடப் பொறந்தவன போயி வெட்டுவியா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான், "சொன்னன் இல்ல, வெட்டுவேன்னு."

வீடு கடையை ஒட்டித்தான். சிவசங்கரி தலை விரிய ஓடி வந்தாள். புருஷன் கையைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள். தராசுத் தட்டிலிருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்துப் புருஷோத்தமனின் இடது நெற்றியில் ஓங்கி அடித்தாள். அவன் தலையைச் சாய்க்கவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவில்லை. புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. என்னா திமிரு பாரு, அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

விரல்களை ஐஸில் போட்டு எடுத்துப் போனார்கள். ஒட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சிவப்புத் தொப்பியோடு வந்த போலீஸ்காரரிடம் வெற்றிவேல், "நானேதான் வெட்டிக்கிட்டேன், கத்தி வழுக்கிடுச்சு," என்று சொல்லி இடது கைரேகை வைத்தான். அண்ணன்மேல் பாசம் என்று இரண்டு நாள் ஊர் மெச்சியது. மூன்றாம் நாள் சிவசங்கரி முற்றத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி உண்மையைச் சொன்னாள்.

"கோர்ட்டு குடுக்கற தண்டன இவருக்கு வேணாமாம். கேசு, வாய்தாவுன்னு எவன் நடப்பான். கட்டு பிரிக்கட்டும், இவரே குடுப்பாராம்."

ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். முற்றமும் குழாயும் பொது. ஒரு வாரம் அந்த முற்றத்தில் நடந்ததைச் சொல்லி முடியாது. அன்னக்கிளி பிடித்து வைத்த தண்ணீர்க் குடத்தைச் சிவசங்கரி உதைத்து உருட்டினாள். புருஷோத்தமன் நடுக்கதவை மிதித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தான். சிவசங்கரி கழுவின தண்ணீரை இவர்கள் வாசற்படியில் கொட்டினாள். அன்னக்கிளியும் சும்மா இருந்தாள் என்று சொல்ல மாட்டேன், ஒரு நாள் அவள் முடியைப் பிடித்துக் குழாயடியில் முட்ட வைத்தாள். இருபது வருஷம் ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்தவர்கள்தான் இரண்டு பேரும்.

எல்லாவற்றையும்விட அன்னக்கிளியை நடுங்க வைத்தது காலையில் சுவருக்கு அந்தப்புறம் கேட்கிற சாணைக்கல் சத்தம். வெற்றிவேல் கத்தி தீட்டினான். இடது கையால் தீட்டிப் பழகினான். முதல் நாள் சத்தம் தடுமாறியது. ஏழாம் நாள் சீராக வந்தது.

அவள் மனதில் வேறொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகவே புருஷோத்தமன் பழைய ஆள் இல்லை. இடப்பக்கமாக வந்து வணக்கம் சொல்கிறவர்களைக் கண்டுகொள்வதில்லை. காசு சேர்ந்ததும் கொழுப்பு ஏறிவிட்டது என்றார்கள். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டு நிலைப்படியையே திட்டுவான். விழுப்புரம் ரோட்டில் ஒரு பையன் சைக்கிளோடு வந்து மோதினான் என்று அவனைக் கீழே தள்ளி உதைத்தான். "எங்கேர்ந்துடா திடீர்னு வந்து நிக்கற?" என்பது அவன் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை. மகன் நேராகத்தான் வந்தான் என்று அந்தப் பையனின் அம்மா வந்து அழுதாள். அன்னக்கிளிக்கே இரண்டு அறை விழுந்திருந்தது. வழியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள் என்று ஒன்று, சோற்றுத் தட்டை இடறும்படி வைத்தாள் என்று ஒன்று.

எட்டாம் நாள் மத்தியானம் அவன் நெற்றித் தையலுக்கு மருந்து போடும்போது கேட்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். அடிக்காம பதில் சொல்லணும்."

"கேளு."

"அன்னிக்கு வேணும்னுதான் வெட்டுனீங்களா?"

"ஊருக்கே கேட்டுச்சு. ஒனக்குக் கேக்கலியா?"

"கேட்டுது. சிவசங்கரி கல்ல ஓங்குனாளே, ஏன் தலைய சாய்க்கல?"

"வாங்கிக்கணும்னு தோணிச்சு, வாங்கிக்கிட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. நான் எதிர்க்க நின்னுக்கிட்டு இருந்தேன். கல்லு படற வரிக்கும் நீங்க இமைக்கக்கூட இல்ல. பட்டதுக்கு அப்பறம்தான் கண்ண மூடினீங்க. அது வர்றதே ஒங்களுக்குத் தெரியல."

அவன் மருந்து வைத்த அவள் கையைத் தள்ளிவிட்டான்.

"தம்பி கையும் தெரியல. எம்மாம் நாளா இப்படி இருக்குது?"

"எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்றியா? எதிர் கடையில மாட்டியிருக்கற காலண்டர்ல தேதி சொல்லட்டுமா? போன வருஷம் கண் முகாம்னு நோட்டீசு எடுத்துக்கிட்டு ஒரு பொண்ணு வந்துதே, ரோட்டுக்கு அந்தாண்ட கட்டியிருந்த பேனர்ல போன் நம்பரோட படிச்சிக் காட்டுனேன் இல்ல?"

காட்டினான்தான். கண் தெரியாதவன் எவனாவது இருந்தால் கூட்டிக்கொண்டு போ என்று அந்தப் பெண்ணை விரட்டிவிட்டுச் சிரித்தான். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்னக்கிளியும் சிரித்தாள்.

"நேரா இருக்கறது தெரியுது. பக்கத்துல இருக்கறதுதான் தெரியல. ஒங்கப்பாவுக்கும் மொதல்ல இப்படித்தான்னு அத்த சொல்லியிருக்காங்க."

"எங்கப்பனது மில்லுக் கண்ணு. முப்பது வருஷம் பஞ்சு தின்ன கண்ணு. நான் மில்லு கேட்டுக்குள்ள ஒருநாள் கால் வச்சவன் இல்ல. எனக்கு எப்பிடிடி வரும்?"

புருஷோத்தமனின் அப்பா ஆதிமூலம் மில்லில் பஞ்சு கடையும் பகுதியில் வேலை பார்த்தவர். ஐம்பது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், அறுபதில் சுவரைத் தடவித்தான் கொல்லைக்குப் போவார். அந்தத் தெரு முழுக்க அப்போது மில்காரர்கள். இருமினால் மில்லு நெஞ்சு. காது மந்தமானால் மில்லுக் காது. கண் போனால் மில்லுக் கண். முதல் இரண்டும் நிஜம், அதனால் மூன்றாவதை யாரும் சந்தேகப்படவில்லை. யூனியனே கண்ணுக்கும் நஷ்டஈடு கேட்டு மனு எழுதியது. மில் மூடினபோது, போகட்டும், பிள்ளைகள் கண்ணாவது தப்பித்தது என்று ஆதிமூலம் சொன்னாராம். பாவம், மனசாரச் சொல்லியிருப்பார்.

"அது எதுவா இருந்தா என்னாங்க, கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு வாட்டி காட்டிட்டு வருவோம். கண்ணு தெரியாமதான் வெட்டிட்டேன்னு தம்பிகிட்ட சொல்லிட்டா அவரு மனசு ஆறும். அவரு கத்தி தீட்டறாரு, காதுல உழுவுதா இல்லியா?"

"குருடன்கிட்ட எவன்டி கறி வாங்குவான்?" அவன் குரல் தணிந்திருந்தது. "வெட்டுனவன்னு சொன்னா பயந்துக்கிட்டாவது வருவான். கண்ணு தெரியாதவன்னு சொன்னா சிரிச்சிட்டுப் போவான். எங்கப்பன் ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து எலையில கைய வச்சிட்டாரு. அந்தாளு எலைய மூடிட்டு எழுந்துட்டான். பந்தியே பாத்துது. எனக்குப் பதினேழு வயசு. அவன வெளிய இழுத்துப் போட்டு ஒதைச்சேன், ஆனா எங்கப்பன் அதுக்கப்பறம் ஒரு பந்தியிலயும் ஒக்காரல."

"அதுக்காகத் தம்பி கையால சாவப்போறீங்களா? நாளைக்கு அபிக்கும் வந்தா..."

அறை விழுந்தது. அவள் கையிலிருந்த மருந்துப் பாட்டில் சுவரில் பட்டு உடைந்தது. "எம் பொண்ணு கண்ணப் பத்திப் பேசுன, கொன்னுடுவேன்," என்று எழுந்து வெளியே போனான். போகிற வேகத்தில் நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டான்.

அன்னக்கிளி உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். அவளுக்குப் புருஷன்மேல் அன்று வந்த வெறுப்பு இதுவரை வராதது. ஆனால் அவன் செத்துப்போகட்டும் என்று நினைக்க முடியவில்லை. கண் விஷயத்தைச் சொன்னால் அவன் உயிர் தப்பும், தொழில் போகும். சொல்லாவிட்டால் தொழில் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். அவன் விட்ட அறை வாயை அடைத்துப் போட்டதால் மூன்று நாள் இரண்டுக்கும் நடுவில் அல்லாடினாள்.

பதினோராம் நாள் உச்சி வெயிலில் அந்தக் கத்தி வந்தது. கடைக்கு ஆள் வரத்தே குறைந்து, புருஷோத்தமன் சீக்கிரம் அடைத்துவிட்டு முற்றத்தில் சம்மணம் போட்டுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு, சின்ன வெங்காயம். அன்னக்கிளி எதிரே குழாயடியில் குடல் கழுவிக்கொண்டிருந்தாள், முழங்கை வரை சுண்ணாம்பு. நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு வெற்றிவேல் வந்தான். வலது கையில் இன்னும் பிரிக்காத கட்டு. இடது கையில் வெட்டுக்கத்தி.

குடல் அவள் கையிலிருந்து வாளிக்குள் நழுவியது. வெற்றிவேல் செருப்பில்லாமல் நடந்து அண்ணனின் இடப்பக்கம் வந்து நின்றான். கழுத்துக்கும் கத்திக்கும் இரண்டு சாண்கூட இல்லை. அவன் உடனே வெட்டவில்லை. அண்ணன் பார்க்க வேண்டும், பார்த்துப் பயப்பட வேண்டும், அப்புறம்தான் வெட்ட வேண்டும் என்று வந்திருந்தான். அதனால் காத்து நின்றான்.

புருஷோத்தமன் வெங்காயத்தைக் கடித்தான். கூழை ஒரு மடக்கு உறிஞ்சினான். கருவாட்டில் முள் எடுத்துப் போட்டான்.

வெற்றிவேல் கத்தியை இன்னும் ஒரு சாண் நெருக்கினான். வெயில் கத்தியில் பட்டுப் புருஷோத்தமனின் காதோரம் மினுங்கியது. அவன் உப்பை எடுத்துக் கூழில் போட்டுக் கரைத்தான். வெற்றிவேலின் முகம் கன்றியது. என்னை ஒரு மனுஷனாகக்கூட மதிக்கவில்லையே, கத்தியோடு நிற்கிறேன், இவன் கூழ் குடிக்கிறானே என்று அவன் நினைப்பது அப்படியே முகத்தில் தெரிந்தது. கத்தி மேலே போனது.

"தம்பி, வெட்டாத. அவருக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாது."

எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. புருஷோத்தமன் திடுக்கிட்டு இடப்பக்கம் திரும்பினான். முகத்துக்கு நேரே தம்பியையும் கத்தியையும் கண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே பின்னால் சாய்ந்தான். அப்புறம் அவன் பாய்ந்தது தம்பிமேல் இல்லை. கூழ்ப் பாத்திரத்தை எடுத்து அன்னக்கிளிமேல் வீசினான்.

"எவடி உன்ன கேட்டா?"

பாத்திரம் அவள் தோளில் பட்டது. அவன் அவளை உதைக்க எழுந்தபோது வெற்றிவேல் கத்தியை இறக்கினான். பழகாத கை, கத்தி கழுத்துக்குப் போகாமல் அண்ணனின் மேற்கையில் பாய்ந்தது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். சிந்தின கூழில் வழுக்கி விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். புருஷோத்தமன் தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். வெற்றிவேல் அலறிக்கொண்டே அண்ணனின் நெற்றித் தையலில் முட்டினான். சிவசங்கரி கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அன்னக்கிளி குடல் கழுவின தண்ணீரை வாளியோடு இரண்டு பேர் மேலும் கொட்டினாள், கீழே விழுந்த கத்தியைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றாள்.

நாற்றம் பிடித்த தண்ணீரில் நனைந்து இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். வெற்றிவேல்தான் முதலில் எழுந்தான். இடது கையால் அண்ணனின் தாடையைப் பிடித்து நேராக நிறுத்தினான். கட்டு அவிழ்ந்து தொங்கிய வலது கையை அவனுக்கு இடப்பக்கம், காதுக்கு நேராக நீட்டினான்.

"இதுல எத்தினி விரல் இருக்கு, சொல்லு."

புருஷோத்தமன் திரும்பப் பார்த்தான். தாடைப் பிடி இறுகியது.

"திரும்பாம சொல்லு."

அவன் முன்னால் பார்த்தபடியே இருந்தான். வெட்டுப்பட்ட மேற்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. எண்ணிச் சொல்ல வேண்டியதுகூட இல்லை, மூன்று என்று வெட்டினவனுக்குத் தெரியாதா. ஆனாலும் அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

"கையே தெரியல," என்றான்.

வெற்றிவேல் பிடியை விட்டான். "அப்பறம் ஏண்டா வேணும்னு வெட்டுனேன்னு சொன்ன? பதினோரு நாளா நான் தூங்கல. எங்கண்ணனே என்ன வெட்டிட்டானேன்னு தூங்கல."

வெற்றிவேல் காறித் துப்பிவிட்டு நடுக்கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

மறுநாள் அன்னக்கிளியும் அபியுமாக அவனைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அழைத்துப் போனார்கள் என்பது மரியாதைக்கு. அபி ஒரு கையையும் அன்னக்கிளி சட்டைக் காலரையும் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். வரமாட்டேன் என்று அவன் கையை ஓங்கியபோது, அன்னக்கிளி வெட்டுக்கத்தியைக் காட்டி, ஏறுங்க என்றாள். அவன் ஏறினான்.

முதலில் எழுத்துப் பலகை. கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டு, பாத்தியா என்பது போல அவளைத் திரும்பிப் பார்த்தான். கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தபோது அந்த இளம் டாக்டரம்மாவின் முகம் மாறியது. அப்புறம் ஒரு இருட்டறையில், குண்டான் போலிருந்த ஒரு கருவிக்குள் தாடையை வைக்கச் சொன்னார்கள். நேராகப் பார்க்க வேண்டும், சுற்றி எங்கே புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் பொத்தானை அமுக்க வேண்டும். அன்னக்கிளி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொத்தான் சத்தம் நாலைந்து வந்தது. அப்புறம் வரவேயில்லை. கருவிக்குள் வெளிச்சம் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள்.

டாக்டரம்மா காகிதத்தை மேசைமேல் வைத்தார். இரண்டு வட்டம். இடது கண் வட்டத்தில் நடுவில் ஒரு பொட்டு தவிர எல்லாம் கறுப்பு. வலது கண் வட்டத்திலும் இடப்பக்கம் கறுப்பு ஏறியிருந்தது.

"வீட்ல யாருக்காவது இப்படிப் பார்வை போயிருக்கா?"

"யாருக்கும் இல்ல," என்றான் புருஷோத்தமன்.

"இவங்கப்பாவுக்குங்க," என்றாள் அன்னக்கிளி. "கடசியில ஒண்ணுமே தெரியாது."

"அது மில்லுல போன கண்ணு. பஞ்சுத் தூசி."

"தூசில இப்படிப் போகாதுங்க. இது கண்ணுல நீர் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போறது. அப்பாகிட்டேருந்து பிள்ளைக்கு வரும். வலிக்காது. நேரா பாக்கறது கடைசி வரைக்கும் நல்லாத் தெரியும், அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நாப்பது வயசுலேருந்து வருஷத்துக்கு ஒரு வாட்டி வந்திருந்தீங்கன்னா அப்பவே பிடிச்சிருக்கலாம். போனது திரும்ப வராது. மிச்சம் இருக்கறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். கத்தியெல்லாம் இனிமே வேணாம்."

அவன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது வருஷமாகச் சாபம் விட்ட அந்த மில்லின்மேல் இருந்த கோபத்தை இனி எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாதவன் போல இருந்தான்.

"கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் கண்டிப்பா வந்து பாக்கணும்."

"எந்தம்பியுமா?"

"மொதல்ல அவரதான்."

வீடு திரும்பியதும் புருஷோத்தமன் சட்டைகூட மாற்றாமல் நடுக்கதவைத் தட்டினான். சிவசங்கரி திறந்தாள், இவனைக் கண்டதும் சாத்தப் போனாள். அவன் காலை உள்ளே வைத்தான். கதவு பாதத்தை நசுக்கியது. எடுக்கவில்லை.

"அவன கூப்புடு."

"எதுக்கு மாமா? மிச்சம் மூணு இருக்குது, அதையும் எடுத்துக்கவா?"

உள்ளேயிருந்து வெற்றிவேல், "கதவ சாத்துடி," என்றான்.

"வெற்றி, கதிர்காமத்துக்குப் போயி கண்ண காட்டு. அப்பாது மில்லு இல்லியாம். நமக்கும் வருமாம்."

"ஒன் கண்ணு போனா என் கண்ணும் போவணுமா? ஓடிடு."

"கண்ணு இருந்தாதானடா என்ன நீ வெட்டுவ. போயி பாத்துக்க. பாத்துட்டு வந்து வெட்டு, நான் இங்கியேதான் இருப்பேன்."

கதவு சாத்திக்கொண்டது. ஆனால் சிவசங்கரி கேட்டுவிட்டாள். பெண்டாட்டிகளுக்குப் பழைய சங்கதிகள் ஞாபகம் வருவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். வெற்றிவேல் ஆறு மாதம் முன்பு வலப்பக்கம் வந்த வண்டி தெரியாமல் ரோட்டைக் கடந்ததும், பரிமாறும்போது அவள் கையைத் தட்டிவிட்டு அவளையே திட்டினதும் வரிசையாக வந்தன. அவள் அழுது, சோறு பொங்காமல் கிடந்து, நாலாம் நாள் அவனைக் கிளப்பிவிட்டாள்.

புருஷோத்தமனையும் மருந்து வாங்க வரச் சொல்லியிருந்த நாள் அதுதான். அபிக்கும் சீட்டுப் போட்டிருந்தாள் அன்னக்கிளி. கண் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சு. இந்தக் கோடியில் புருஷோத்தமன், அந்தக் கோடியில் சிவசங்கரி. எதிர்ப் பெஞ்சில் அபி போனை வெறித்துக்கொண்டிருந்தாள், விரல் திரையைத் தள்ளவில்லை.

வெற்றிவேல் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தவன் கையில் காகிதம் இருந்தது. பெண்டாட்டி பக்கம் போகாமல், அண்ணனுக்கு இடப்பக்கமாக ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான். கடையில் நிற்கிற அதே பக்கம். பழக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"வலது கண்ணுல பாதிக்கு மேல போயிடுச்சாம். இடது பரவால்லியாம்."

புருஷோத்தமன் தலையைத் திருப்பவில்லை.

"நான் யோசிச்சிப் பாத்தேன். அன்னிக்கு நீ கத்திய ஓங்குனத நான் பாக்கவே இல்ல. பாத்திருந்தா கைய இழுத்திருப்பேன். நீதான் என்ன ஏமாத்தி வெட்டுனன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். கத்தி எனக்கு வலப்பக்கம். எனக்கே தெரியல."

"நான் வேணும்னு வெட்டல, வெற்றி," என்றான் புருஷோத்தமன். முதல் தடவையாகச் சொன்னான். சொல்லும்போது உதடு கோணிக்கொண்டது.

"தெரியுது. அதுக்காக மனசு ஆறிடுச்சுன்னு நெனைக்காத. ஒன்ன பாத்தா இப்பவும் அடிக்கணும்னுதான் வருது."

"அடி."

வெற்றிவேல் அடிக்கவில்லை. மூன்று விரல் கையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தான். புருஷோத்தமனும் அதே சுவரைப் பார்த்தான்.

மருந்துச் சீட்டோடு வந்த அன்னக்கிளிக்கு அந்தக் கூட்டத்தில் வேறு இடம் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அந்த ஞாயிறிலிருந்து அவள் ஒரு நாளும் அழவில்லை, அடி வாங்கினபோதுகூட அழவில்லை. இப்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். புருஷனுக்கு அவள் இடப்பக்கம். கொழுந்தனுக்கு வலப்பக்கம். இரண்டு பேரும் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒருத்தி அழுவது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

எதிரில் இருந்த அபி பார்த்தாள். போனைப் பையில் போட்டுவிட்டு எழுந்து வரப் போனாள். அதற்குள் உள்ளேயிருந்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

"நீ போடி," என்றாள் அன்னக்கிளி. "மொதல்ல போயி காட்டிட்டு வா."